ஊதக்கணவாய் வாயாடி வாய மூடிக்கிட்டது ஏன்

இந்தக் கதையில ஒரு சொல்லு பொய்யின்னாலும் என் நாக்கு அழுகிப்போகட்டும். இல்ல, வேணாம், நாக்கு எனக்குத் தேவைப்படுது. உங்க நாக்கு அழுகிப்போகட்டும். நீங்க எப்படியும் சும்மா உக்காந்து கேக்கத்தான போறீங்க. நம்பிக்கை இல்லாதவங்க இப்பவே எந்திரிச்சுப் போயிரலாம். போறப்ப அந்தக் கதவச் சாத்திட்டுப் போங்க, குளிருது.

அந்தக் காலத்துல, மரமும் மட்டையும் குதிரையும் நாயும் மனுசனுக்குச் சரியா வாய் பேசிக்கிட்டு இருந்துச்சே, அந்தக் காலத்துல, மேமலைக்கும் அடிவாரத்துக்கும் நடுவுல ஊதக்கணவாய்னு ஒரு இடுக்கு. அந்தப் பக்கத்துக் காத்து இந்தப் பக்கம் வரணும்னா அது வழியாத்தான் நுழைஞ்சு வரணும். அதனால எப்பவும் ஊதக்காத்து அடிச்சுக்கிட்டே இருக்கும். முண்டாசு கட்டாமப் போனா முடி பறந்து அடிவாரத்துல போயி விழும். வழுக்கத் தலைக்காரங்க எல்லாம் அந்த வழியாப் போனவங்கதான். சிரிக்காதீங்க, பக்கத்துல இருக்கிறவரு மனசு நோகப் போகுது.

அந்தக் கணவாய் உச்சியில பாத ஓரத்துல ஒரு செடி இருந்துச்சு. மரம்னு சொல்ல முடியாது, நெஞ்சு ஒசரந்தான். புல்லு பூண்டுன்னும் தள்ளிவிட முடியாது, கட்டை உண்டு. இலை தோலு மாதிரி தடிச்சு, ஓரத்துல பொடிப்பொடியாப் பல்லு வச்சிருக்கும். கொழுந்து விட்டா செவப்பா விடும். பூ வெள்ளப் பூ, அகலமா வாயத் தொறந்து மானத்தப் பாத்துப் பூக்கும். ஆடு தின்னாது, மாடு தின்னாது, வெறகுக்கும் லாயக்கில்ல. வாசமும் கெடையாது. பனி விழுந்தா மத்த செடி மாதிரி அதுவும் கருகும்.

ஆனா பேச்சு இருந்துச்சே. அப்பப்பா. மேமலையில இருந்து எறங்குறவன் மேமலைச் சேதியச் சொல்லுவான், அடிவாரத்துல இருந்து ஏறுறவன் அடிவாரத்துச் சேதியச் சொல்லுவான். ரெண்டையும் வாங்கி, கொஞ்சம் உப்புப் புளி சேத்து, அடுத்தவனுக்குப் பரிமாறுறதுதான் அதுக்கு வேலை. யாரு வீட்டுல யாரு பேசிக்கிறதில்ல, எந்தப் பொண்ணுக்கு எந்தப் பையன் மேல கண்ணு, எல்லாம் அதுக்குத் தெரியும். மலைக்காரங்க அதுக்கு வச்ச பேரே வாயாடி. கணவாய் ஏறின யாரா இருந்தாலும் செடிகிட்ட நின்னு "என்ன சேதி?"ன்னு கேக்காமப் போகக் கூடாது. அது வழக்கம். கேக்காமப் போனவன் கதை மறுநாளு ரெண்டு ஊருக்கும் போயிரும்.

அந்தக் கணவாய்ல பொதிக்குதிர ஓட்டுறவன் குப்பாண்டி. மேமலையில இருந்து பூண்டு எறக்குவான், அடிவாரத்துல இருந்து உப்பு ஏத்துவான். அவனுக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல, சிங்காரிதான் இருந்துச்சு. சிங்காரிங்கிறது அவனோட மட்டக்குதிர. குட்டையா இருந்தாலும் கோவத்துக்குக் கொறச்சல் இல்ல. ரெண்டு பேரும் ஏறுற வழி பூராச் சண்டை, எறங்குற வழி பூராச் சமாதானம். குப்பாண்டிக்கு ஒரு பழக்கம். பேச ஆரம்பிச்சா மடியில இருந்து பொகையில எடுத்து எடது உள்ளங்கையில வச்சு, வலது கட்டவெரலால கசக்குவான். பேச்சு சூடாக ஆக, கசக்குறதும் சூடாகும். பொகையில வாய்க்குப் போறதுக்குள்ள தூளாப் போயிரும். இந்தப் பழக்கத்த ஞாபகம் வச்சுக்கங்க. சும்மா சொல்லல.

ஒரு மார்கழி மாசம். உப்புப் பொதியோட ஏறி வந்தாங்க ரெண்டு பேரும். பொழுது மேக்க சாஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"என்ன சேதி வாயாடி?"ன்னான் குப்பாண்டி.

"வாண்ணே. உக்காரு. ஒனக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கேன். நம்ம வீரணன் பொண்டாட்டி அப்பன் வீட்டுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போனாள்ல?"

"எப்ப போனா?"

"அதுவே தெரியாதா ஒனக்கு? ஒரே தெருவுல குடியிருக்க. போனவ அன்னிக்கே திரும்பி வந்துட்டா. வீரணன் போயி கூப்பிடல. அவ அப்பன் ஆக்கின சோத்த ஒரு வாய் தின்னு பாத்திருக்கா. இதுக்குப் புருசனே தேவலன்னு வந்துட்டா."

குப்பாண்டி சிரிச்ச சிரிப்புல பொகையில பறந்துருச்சு. அடுத்த துண்ட எடுத்தான்.

"ஏய்யா குப்பாண்டி"ன்னு கூப்பிட்டுச்சு சிங்காரி. "முதுகுல இருக்கிறது உப்பு. பஞ்சு இல்ல. பொழுது போகுது, பாறையில பனி கட்டப் போகுது."

"இரு சிங்காரி"ன்னுச்சு வாயாடி. "இன்னும் ஒரே ஒரு சேதி."

"அதே ஒரே ஒரு சேதிய இப்ப எத்தனாவது தடவ சொல்ற?"

"இது வேற ஒரே ஒரு சேதி."

அப்படியே இன்னொண்ணு, அப்படியே இன்னொண்ணுன்னு பேசிப் பேசி, அவங்க கெளம்புறப்ப பாறை மேல வெள்ளையா உப்புத் தூவின மாதிரி பனி பூத்துருச்சு. சிங்காரி ஒரு காலு வச்சுச்சு. ரெண்டாங்காலு வச்சுச்சு. மூணாங்காலு வழுக்குச்சு. பொதியோட அப்படியே முட்டி மடங்கி விழுந்துருச்சு.

குப்பாண்டி பொதியக் கழட்டி வீசினான். முட்டியத் தொட்டுப் பாத்தான். பாக்கப் பாக்க வீங்குது. மேல தோலு கன்னிப்போயி நீலமும் கருப்புமா ஆயிருச்சு. கழுத்தக் கட்டித் தூக்கிப் பாத்தான். எந்திரிக்க முடியல.

அந்த நேரம் பாத்து புதருக்குள்ள இருந்து ஒருத்தன் வெளிய வந்தான். செவலைன்னு பேரு. செந்நாய்க் கூட்டத்துக்குப் பெரியவன். அவன மாதிரி மரியாத தெரிஞ்ச ஆளு மலையிலயே கெடையாது. அதான் பயமே.

"வணக்கம்ணே"ன்னான் செவலை. "தங்கச்சி விழுந்துருச்சு போல. மனசுக்குக் கஷ்டமா இருக்கு."

"அந்தப் பக்கம் போடா"ன்னான் குப்பாண்டி.

"போறேண்ணே. அவசரம் இல்ல. மலை வழக்கம் ஒங்களுக்குத் தெரியாததா? பொழுது மறையறப்ப நாலு கால்ல நிக்காத உசிரு எங்களுக்கு. பொழுது இன்னும் இருக்கு. நீங்க பேசி முடிங்க, நாங்க இந்தா இங்கதான் உக்காந்திருக்கோம்."

அவன் பின்னால புதருக்குள்ள கூட்டமே பல்ல நக்கிக்கிட்டு உக்காந்திருந்துச்சு.

இப்ப ஒண்ணு சொல்லணும். அந்தக் காலத்துல வலியக் கழட்ட முடியும். தோள்ல இருக்கிற சுமைய எறக்கி அடுத்தவன் தோள்ல வைக்கிறமில்ல, அதே மாதிரி. "ஒன் வலிய எங்கிட்டக் குடு"ன்னு ஒருத்தர் மனசாரக் கேட்டா, அது அவங்ககிட்டப் போயிரும். ஆனா வாங்குனவங்க ஒரு தடவகூட மொனகக் கூடாது. அய்யோ, அம்மா, அப்பான்னு வாயில இருந்து ஒரு சத்தம் வந்தாலும் போச்சு, வலி எங்க இருந்து வந்துச்சோ அங்கயே ஓடிப்போயிரும். கேக்க எளுசாத்தான் இருக்கும். அதனாலதான் யாரும் யாரு வலியையும் வாங்கினது கெடையாது.

குப்பாண்டி யோசிக்கவே இல்ல. சிங்காரி முட்டி மேல கைய வச்சான்.

"ஒன் வலிய எங்கிட்டக் குடு தாயி."

"வேணாய்யா. ஒன்னால ஆகாது."

"குடுங்கிறேன்ல."

குடுத்துச்சு. சிங்காரி டக்குன்னு எந்திரிச்சு நின்னுருச்சு. குப்பாண்டி முட்டியப் பிடிச்சுக்கிட்டு, "யாத்தே"ன்னான். சிங்காரி மறுபடி பொத்துன்னு விழுந்துருச்சு.

"சொன்னேன்ல"ன்னுச்சு.

முண்டாச அவுத்து வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டு மறுபடியும் வாங்கினான். வாயில சத்தம் வரல. மூக்கு வழியா "ம்ம்ம்"முன்னு வந்துருச்சு. சிங்காரி திரும்பவும் விழுந்துச்சு.

"அண்ணே, மூக்கால மொனகினாலும் கணக்குதான்"ன்னான் செவலை. "தங்கச்சிய ஏன் சும்மா தூக்கித் தூக்கிப் போடுறீங்க? பாவம்."

குப்பாண்டிக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. பக்கத்துல நின்ன காட்டுப்பூவரசு மரத்துகிட்டப் போயிக் கையக் கும்பிட்டான். "ஐயா, பெரிய மரம் நீங்க. இந்தக் குளிருகாலம் மட்டும் இத வச்சிருங்க."

"போய்யா நீ வேற"ன்னுச்சு காட்டுப்பூவரசு. "ஒருக்கா ஒரு வெறகுவெட்டி இடுப்புவலிய வாங்கினேன். ஒரு பொழுது தாங்கல, அப்பான்னுட்டேன். வலி போயிருச்சு, கோணல் போகல. பாரு எப்படி முறுக்கிக்கிட்டு நிக்கிறேன்னு." சொல்லும்போதே வெக்கத்துல பூவெல்லாம் செவந்துருச்சு. இன்னும் வெளுக்கல.

பொழுது மலை விளிம்புல உக்காந்துருச்சு. செவலை எந்திரிச்சு சோம்பல் முறிச்சான்.

"எங்கிட்டக் குடு"ன்னு ஒரு சத்தம்.

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. வாயாடி.

சிங்காரிக்கு அந்த வலியிலயும் சிரிப்பு வந்துருச்சு. "நீயா? காத்துல ஒரு இலை ஆடினாலே அடிவாரம் வரைக்கும் ஆள் அனுப்புவ. நீ வாய மூடிக்கிட்டு இருக்கப் போறியா?"

"எம்பேச்சக் கேட்டு நின்னுதான ஒனக்குப் பொழுது போச்சு. அந்த ஒரே ஒரு சேதிய நான் முழுங்கியிருந்தா நீ இந்நேரம் வீட்டுல கொள்ளு தின்னுக்கிட்டு இருப்ப. குடு."

"மொனகக் கூடாதுங்கிறாங்க. நீ மொனகாம இருந்தாலும் பேசாம இருக்க மாட்டியே."

"அது எனக்குந் தெரியும். ஒரு பேச்சு வந்தா அடுத்த பேச்சு வரும், பேச்சோட பேச்சா ஒரு அய்யோவும் வந்துரும். அதனால ஒண்ணுமே பேசப் போறதில்ல. இது பனி குடுத்த வலி. பனி போயி எனக்கு மொதக் கொழுந்து விடுற அன்னிக்கு இது செத்துரும். அது வரைக்குந்தான."

"ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும் புள்ள"ன்னான் குப்பாண்டி.

"ஆகட்டும். அண்ணே, ஒங்கிட்ட ஒரு சேதி சொல்லணும்னு இருந்தேன்..." வாயாடி நிறுத்திருச்சு. அதோட ஆயுசுல மொதத் தடவையா ஒரு சேதியப் பாதியில நிறுத்துச்சு. "சரி. அது அப்புறம். குடு சிங்காரி."

சிங்காரி படுத்தபடியே ஒடம்ப இழுத்து இழுத்து, முட்டியக் கொண்டுபோயி அடித்தண்டுல சாச்சுச்சு.

வாயாடி ஒரு தடவ ஆடுச்சு. வேர்ல இருந்து நுனி வரைக்கும். மேல பாத்துத் தொறந்திருந்த பூ அத்தனையும் ஒதட்டக் குவிச்சு, கழுத்தத் தொங்கப்போட்டு, குட்டிக் குட்டிச் சுருக்குப்பை மாதிரி இழுத்து மூடிக்கிச்சு. ஒரு சத்தம் இல்ல. கணவாய்ல காத்து மட்டும் கேட்டுச்சு.

சிங்காரி நாலு கால்ல நின்னுச்சு. பொழுது எறங்கிருச்சு.

செவலை சிங்காரியப் பாத்தான், செடியப் பாத்தான், மெல்லச் சிரிச்சான். "நல்லதுண்ணே. நீங்க வீட்டுக்குப் போங்க. பாதையில பாத்துப் போங்க. இந்தப் புள்ள எந்த நேரம் அய்யோன்னு சொன்னாலும் தங்கச்சி எங்க நிக்குதோ அங்கயே விழுமில்ல? நாங்க காத்திருக்கோம். எங்களுக்கு என்ன, வேற சோலியா இருக்கு."

குப்பாண்டிக்கு அன்னிக்கு வீட்டுக்குப் போற வழியில சண்டை போடக் கூடத் தோணல.

மறுநாள்ல இருந்து செவலை வேலைய ஆரம்பிச்சான். கடிச்சானா? கடிக்கல. கடிச்சா மொனகாம இருந்துரும்னு அவனுக்குத் தெரியும். வாயாடிய எங்க தொட்டா வலிக்கும்னு அவனுக்கு அத விட நல்லாத் தெரியும். செடிக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்து, சேதிய எல்லாம் தப்புத் தப்பாச் சொல்ல ஆரம்பிச்சான்.

"நம்ம வீரணன் பொண்டாட்டி கதை கேட்டியா தாயி? கோவிச்சுக்கிட்டுப் போனவள வீரணன் போயி கால்ல விழுந்து கூட்டியாந்தானாமே."

வாயாடிக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்களே சொல்லுங்க. உங்க முன்னால ஒருத்தன் உங்க தெருக் கதைய மாத்திச் சொன்னா நீங்க சும்மா இருப்பீங்களா? நீங்க இருக்க மாட்டீங்க, எனக்குத் தெரியும், போன வாரம் பாத்தேன். இலையெல்லாம் வெறச்சு நின்னுச்சு. உள்ள இருந்து சொல்லு குத்துது. இல்லடா, அவ அப்பன் சோறுடா, அவ அப்பன் சோறுன்னு குத்துது. வெளிய வழி இல்லாம இலைக்கு அடிப்பக்கம் முட்டி முட்டி, புள்ளி புள்ளியா எறங்குச்சு. ஆனா வாய் தொறக்கல.

"அது மட்டுமா"ன்னான் செவலை. "மேமலைப் பூண்ட விட அடிவாரத்துப் பூண்டு காரம் அதிகமாமே."

இன்னும் நாலு புள்ளி.

"அப்புறம் குப்பாண்டி ஒன்னப் பத்திச் சொன்னான். இப்பத்தான் கணவாய் நிம்மதியா இருக்கு, அந்தச் சனியன் வாய மூடிருச்சுன்னு."

அந்தச் சொல்லுக்கு மட்டும் செடி ஆடவும் இல்ல, வெறைக்கவும் இல்ல. ஒரு இலை விழுந்துச்சு.

போறப்ப செந்நாய்க் கூட்டம் வரிசையா வந்து, அதோட தூருல காலத் தூக்கிட்டுப் போச்சு. ஒவ்வொரு நாளும். அதையும் முழுங்குச்சு.

அடுத்த சந்தைக்குப் பொதியேத்திக்கிட்டு வந்த குப்பாண்டி கணவாய் உச்சியில நின்னான். பழக்கதோசத்துல "என்ன சேதி..."ன்னு ஆரம்பிச்சுட்டான். சிங்காரி அவன் காலக் குளம்பால மிதிச்சுச்சு. "யோவ். அதப் பேச வச்சு என்னைக் கொல்லப் போறியா?"

அவன் வாயப் பொத்திக்கிட்டான். பொத்திக்கிட்டே செடியச் சுத்திப் பாத்தான். தூருல நாய் மூத்திரம். இலைக்கு அடியில புள்ளி. பூவெல்லாம் தலை தொங்கிக் கெடக்கு. தோல்பையில இருந்த குடிதண்ணிய எடுத்துத் தூரக் கழுவிவிட்டான். கழுவிட்டு எதுத்தாப்புல உக்காந்தான்.

"பாதை பூரா எவனோ சேதிய மாத்திச் சொல்லிக்கிட்டுத் திரியிறான். இன்னிக்கு நான் சேதி சொல்றேன், நீ கேளு"ன்னான். "வீரணன் பொண்டாட்டி இருக்காள்ல, அவ அப்பன் சோத்தத் தின்னுட்டுத்தான் வந்தா. வீரணன் அந்நேரம் மாட்டுத் தொழுவத்துல தூங்கிக்கிட்டு இருந்தான். அவன் எங்க போயிக் கூப்பிட."

செடி லேசா அசைஞ்சுச்சு.

"அடிவாரத்துப் பூண்டு காரமெல்லாம் இல்ல. அது சும்மா தண்ணி. எவனாவது மாத்திச் சொன்னா நம்பாத."

இன்னும் கொஞ்சம் அசைஞ்சுச்சு.

"அப்புறம்..." கையில பொகையில கசங்குது. "கணவாய் நல்லாவே இல்ல புள்ள. ஏறி வந்தா உக்காரத் தோணல. சீக்கிரம் பனி போகட்டும். இங்க எவன் என்ன சொன்னாலும் சரி, நான் அப்படித்தான் நெனைக்கிறேன்."

இந்தக் கடைசிச் சொல்ல அவன் செவலை பேச்சத் தெரிஞ்சா சொன்னான்? அவனுக்குத் தெரியாது. மனசுல இருந்ததச் சொன்னான். சிங்காரி அந்தப் பக்கம் திரும்பி, கண்ணுல தூசி விழுந்த மாதிரி இமையச் சிமிட்டிக்கிச்சு.

அன்னில இருந்து அதான் நடந்துச்சு. செவலை வந்து மாத்திச் சொல்லுவான், குப்பாண்டி வந்து சரியாச் சொல்லுவான். அவனுக்குச் சேதி சொல்லவே தெரியாது. பாவம், நடுவுல இருந்து ஆரம்பிப்பான், யாரு யாருக்கு மாமன்னு மறந்துருவான். "அவன் மச்சான்... இல்ல, பங்காளி... யாரோ ஒருத்தன்"பான். வாயாடி அத எல்லாம் கேட்டுச்சு. நல்லாப் பேசத் தெரிஞ்சவங்களுக்கு மோசமாப் பேசுறவன் பேச்சக் கேக்குறத விடப் பெரிய தண்டனை உண்டா? எனக்குத் தெரியும், உங்கள மாதிரி ஆளுங்க நடுவுல இருக்கேன்ல.

தை பொறந்து பனி இன்னும் முறுகுச்சு. புல்லு கருகுச்சு, செடி கொடி கருகுச்சு, பெரிய பெரிய மரத்துக் கொழுந்தெல்லாம் சுட்ட மாதிரி ஆயிருச்சு. மலையே சாம்பலா நிக்குது. ஊதக்கணவாய்ல மட்டும் ஒரே ஒரு பச்சை. வலின்னா சூடு இல்ல? உள்ள அந்தச் சூட்ட வச்சுக்கிட்டு நின்னதால பனி அதத் தொட்டுப் பாத்துட்டு, கையச் சுட்டுக்கிட்டு ஒதுங்கிப் போயிருச்சு. மூடின பூவுக்குள்ள காய் புடிச்சுச்சு. அது பழுத்தப்ப நீலமும் கருப்புமா, சிங்காரி முட்டி கன்னிப்போன அதே நெறம்.

குப்பாண்டிக்கும் நல்லா இல்ல. பனியில கயித்தப் பிடிச்சுப் பிடிச்சு ரெண்டு கையும் மரத்து, வெரலு மடங்கிப் போச்சு. ராத்திரி குத்தும். சிங்காரி, "எங்கிட்டக் குடுய்யா"ன்னு கேட்டுப் பாத்துச்சு. "ஒன் வாயி என் வாய விட மோசம்"னு சொல்லிட்டான்.

மாசி மாசம் ஒரு காலையில, ஏறி வந்துக்கிட்டு இருந்த சிங்காரி நின்னுருச்சு.

"ஏய்யா. அங்க பாரு."

செடி நுனியில செவப்பா ஒரு கொழுந்து.

குப்பாண்டி ஓடினான். பொதியோட சிங்காரியும் ஓடுச்சு. சிங்காரி அதோட ஆயுசுல பொதியோட ஓடுனது அந்த ஒரு தடவதான். செடிக்கு அந்தப் பக்கம் செவலை நின்னுக்கிட்டு இருந்தான். எலும்பும் தோலுமா எளைச்சுப் போயிருந்தான், பேசிப் பேசித் தொண்ட கட்டிப்போச்சு. அவன் கொழுந்தப் பாத்தான், சிங்காரி முட்டியப் பாத்தான். என்னமோ மரியாதையாச் சொல்ல வாயத் தொறந்தான், காத்து மட்டும் சீட்டி மாதிரி வெளிய வந்துச்சு. தலையக் குனிஞ்சுக்கிட்டு புதருக்குள்ள போயிட்டான். செந்நாய் இன்னிக்கும் பேசாது, சீட்டிதான் அடிக்கும். ஒரு செடிகிட்ட வாய்ச்சண்டையில தோத்தவன் வேற என்ன செய்வான்.

"வாயாடி"ன்னான் குப்பாண்டி. "முடிஞ்சு போச்சு. வலி செத்துருச்சு. பேசு."

செடி நின்னுச்சு.

"பேசு புள்ள. இனிமே அய்யோன்னு கூடச் சொல்லலாம். ஒனக்கு எத்தனை வேணுமோ சொல்லிக்க."

பூ தலை தொங்கியே கெடந்துச்சு. ஒரு ஒதடும் பிரியல.

"கோவமா? தண்ணி ஊத்தாம விட்டேனா? நான் சேதி சொன்னது சரியில்லையா? அத எனக்கே தெரியும். நீ திருத்திச் சொல்லு, கேட்டுக்கிறேன். என்னமோ ஒரு சேதி சொல்லணும்னு பாதியில நிறுத்தினியே. அதயாவது சொல்லு."

கெஞ்சினான், அதட்டினான், மறுபடி கெஞ்சினான். ரெண்டு மாசத்துக்கு மேல மூடி வச்ச வாய் தொறக்கிற வழிய மறந்துபோச்சு. குப்பாண்டி செடிக்குப் பக்கத்துலயே பொத்துன்னு உக்காந்துட்டான். சிங்காரிக்காக அதோட பேச்ச எடுத்துக்கிட்டோமேன்னு பொலம்பினான். கண்ணு கலங்கினவன் கை சும்மா இருக்குமா? மடியத் தொளாவுச்சு. பொகையில தீந்து போயிருக்கு. கை பாட்டுக்கு எட்டி, கிட்ட இருந்த இலையில ஒண்ணப் பறிச்சு, எடது உள்ளங்கையில வச்சு, மரத்துப்போன கட்டவெரலால கசக்க ஆரம்பிச்சுச்சு. அவனுக்கே தெரியாது. மத்தவனா இருந்தா செஞ்சிருக்க மாட்டான். பொகையிலக்காரன் கை அது.

கசக்கினான், கசக்கினான்.

குப்புன்னு ஒரு வாசம்.

மூக்குல ஏறி, கண்ணத் தொறந்து, மண்டைக்குள்ள ஊதக்காத்து மாதிரி போச்சு. கூர்மையா, குளுகுளுன்னு, அடியில கதகதன்னு. அவன் திடுக்கிட்டுக் கையப் பாத்தான். இலை கூழாக் கெடக்கு.

"அய்யய்யோ. ஒன்னையக் கசக்கிட்டேனே புள்ள."

கையத் தொடைக்கப் போனவன் நின்னுட்டான். வெரலு சூடாகுது. மரத்துப் போன வெரலு ஒண்ணொண்ணா நிமிருது. கையில இருந்த குத்தல், யாரோ வாங்கி எறக்கி வச்ச மாதிரி போயிருச்சு. வலியத் தின்னு தின்னு, அதுக்குள்ள ஊறி, கடைசியில அது வலிக்கே மருந்தா மாறிப்போயிருந்துச்சு.

"சிங்காரி"ன்னான். "இங்க வா. இது என்ன?"

சிங்காரி கிட்ட வந்து, அவன் உள்ளங்கையில மூக்க வச்சு ஒரு இழு இழுத்துச்சு. கண்ண மூடிச்சு. காது ரெண்டும் முன்னால வந்துச்சு, யாரோ பேசுறதக் கேக்குற மாதிரி.

"அட மண்டு"ன்னுச்சு. "பேசிக்கிட்டுத்தான்யா இருக்கு. இவ்வளவு நாளு சேத்து வச்ச பேச்சு பூராம் இலையில இருக்கு. நீ காதால கேட்டா எப்படிக் கேக்கும்? மூக்கால கேளு."

குப்பாண்டி மூக்கு கிட்டக் கையக் கொண்டுபோனான். கண்ணுல தண்ணி கொட்டுச்சு. அது வாசத்துனாலயும் இருக்கும்.

"என்ன சொல்லுது?"

"வீரணன் பொண்டாட்டி கதைய மொதல்ல இருந்து சொல்லுது. நீ சொன்னதுல நெறையத் தப்பாம்."

"அப்புறம்?"

"பொறுய்யா. நடுவுல பேசாத."

"அந்தப் பாதியில நிறுத்தின சேதி?"

சிங்காரி இன்னொரு தடவ மோந்து பாத்துச்சு. "ஒன் முண்டாசு பின்னால கிழிஞ்சிருக்காம். அன்னிக்கே சொல்லணும்னு இருந்துச்சாம்."

அவன் தடவிப் பாத்தான். கிழிஞ்சுதான் இருந்துச்சு. மார்கழியில இருந்து அந்த ஓட்டையோடதான் ரெண்டு ஊருக்கும் போயிட்டு வந்திருக்கான், ஒரு பய சொல்லல. செடியப் பாத்துச் சிரிச்சான், அழுதுக்கிட்டே. அவன் இலை பறிச்ச எடத்துல, பாக்கப் பாக்க, இன்னொரு செவப்புக் கொழுந்து எட்டிப் பாத்துச்சு.

சாயங்காலம் ஊர் போயிச் சேந்து கையக் கழுவினான். வாசம் போகல. சோறு தின்னுட்டுக் கழுவினான். போகல. படுக்கப் போறப்ப மோந்து பாத்தான், அப்பவும் இருந்துச்சு.

"இன்னும் முடிக்கல போல"ன்னுச்சு சிங்காரி, தொழுவத்துல இருந்து. "தூங்கு. அது பாட்டுக்குப் பேசட்டும்."

அன்னில இருந்துதான் ஊரே பனியில கருகினாலும் அந்தச் செடி மட்டும் பச்சையா நிக்குது. அன்னில இருந்துதான் அதோட பூ வாய மூடித் தலையத் தொங்கப்போட்டுப் பூக்குது, பழம் கன்னிப்போன நெறத்துல பழுக்குது, இலையத் திருப்பினா அடியில புள்ளி தெரியுது. மேமலையில முட்டிவலி, கைவலின்னா அந்தத் தழையக் கசக்கித்தான் தேய்க்கிறாங்க. பொதிக்குதிரக்காரங்க இன்னிக்கும் கணவாய் ஏறினா ஒரு இலையக் கிள்ளி, கசக்கி, மூக்குல வச்சு "என்ன சேதி?"ங்கிறாங்க. கேட்டுட்டு அவங்க சேதியயும் சொல்லிட்டுத்தான் எறங்குறாங்க. சும்மா மோந்தா அது ஒண்ணும் சொல்லாது. கசக்கினாத்தான் பேசும். ஒரு தடவ பேச ஆரம்பிச்சா, எத்தன தடவ கழுவினாலும் நிறுத்தாது.

கதை முடிஞ்சுச்சு. எங்க எந்திரிக்கிறீங்க? இவ்வளவு நேரம் சம்மணம் போட்டு ஒங்களுக்குக் கதை சொன்னதுல என் முட்டி ரெண்டும் புடிச்சுப்போச்சு. ஆளுக்கு ஒரு கை அந்தத் தழையப் பறிச்சுட்டு வந்து, கசக்கி, சூடு பறக்கத் தேச்சுவிட்டுட்டுப் போங்க. அதான் கூலி. முட்டி ரெண்டு இருக்கு, சண்ட போட்டுக்காதீங்க. தேய்க்கிறப்ப நான் அய்யோ அம்மான்னு கத்துவேன், அதுக்கெல்லாம் பயந்து நிறுத்தக் கூடாது.